இயங்குதளத்தின் பைத்தானைத் தொடாதீர்கள்

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 24.04-ஐப் புதிதாக நிறுவி, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து, பைத்தான் என்ற நிரல்மொழி எந்தப் பதிப்பு என்று கேட்டால் 3.12 என்று பதில் வரும். 22.04-இல் அது 3.10. இன்னொரு லினக்ஸான டெபியன் 12-இல் 3.11. அந்தப் பைத்தான் உங்களுக்காக வைக்கப்பட்டதன்று. புதிதாக நிரல் எழுத வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பழகியவர்களிடமும் அவ்வப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

இயங்குதளம் தன் சொந்த வேலைகளுக்காக வைத்திருக்கும் பைத்தான் அது. உபுண்டுவில் தொகுப்புகள் (நிறுவத்தக்க மென்பொருள்கள்) கிடைக்கும் புதிய களஞ்சியம் ஒன்றைச் சேர்க்கும் கட்டளை பைத்தானில் எழுதப்பட்டது. ஒரு கட்டளையைத் தவறாகத் தட்டினால், ‘இந்தத் தொகுப்பை நிறுவினால் அது கிடைக்கும்’ என்று யோசனை சொல்கிறதே, அதுவும் பைத்தான் நிரல்தான். பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக இறக்கி நிறுவும் நிரலும் அப்படியே. இவை எல்லாம் அந்த இயங்குதளத்தோடு வந்த ஒரே பதிப்பில் சோதிக்கப்பட்டு, அதையே நம்பி ஓடுகின்றன. அதன் இடத்தில் வேறு பதிப்பை வைத்தால் என்ன ஆகும் என்பதை அண்மையில் அருகிலிருந்து பார்த்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் காலையில் அழைத்தார். “அண்ணா, கணினி நன்றாகத்தான் தொடங்குகிறது. டெர்மினல் மட்டும் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஐகானை அழுத்தினால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது.”

“நேற்று என்ன நிறுவினாய், தம்பி?”

“ஒரு நிரலகத்துக்குப் பைத்தான் 3.11 வேண்டியிருந்தது. அதை நிறுவிவிட்டு, பைத்தான்3 என்று கூப்பிட்டால் 3.11 வரும்படி மாற்றி வைத்தேன். வேறு எதையும் தொடவில்லை.”

அவருடையது உபுண்டு 22.04. டெர்மினல் திறக்காததால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போகச் சொன்னேன். அங்கே உபுண்டுவின் டெர்மினலான க்னோம் டெர்மினலின் கோப்பைத் திறந்து முதல் வரியைப் படிக்கச் சொன்னேன். படித்தவருக்கு ஆச்சரியம். நாம் அழுத்தும் டெர்மினல் ஐகானுக்குப் பின்னால் இருப்பது ஒரு சிறிய பைத்தான் நிரல். அதுதான் உண்மையான டெர்மினலைத் தொடங்கி வைக்கிறது. அதன் முதல் வரி ‘பைத்தான்3-ஐக் கொண்டு என்னை ஓட்டு’ என்கிறது. அந்தப் பைத்தான்3 ஒரே இரவில் 3.11 ஆகிவிட்டது.

ஆனால் 3.11 ஒன்றும் கெட்டுப்போன பைத்தான் இல்லையே, பிறகு ஏன் ஓடவில்லை? விடை தொகுப்புகள் இருக்கும் கோப்புறையில் இருக்கிறது. உபுண்டுவும் டெபியனும் தங்கள் பைத்தான் தொகுப்புகளை எல்லா 3.x பதிப்புகளுக்கும் பொதுவான ஒரே கோப்புறையில் வைக்கின்றன. வெறும் பைத்தானில் எழுதிய தொகுப்பாக இருந்தால் 3.11 அதைப் படித்துவிடும். சி மொழியில் எழுதிக் கம்பைல் செய்த (கணினி நேரடியாக ஓட்டும் வடிவுக்கு மாற்றிய) பகுதிகள் அப்படியில்லை. அந்தக் கோப்புகளின் பெயரிலேயே ‘சிபைத்தான்-310’ என்ற முத்திரை இருக்கும். 3.11 அந்த முத்திரையைப் பார்த்ததும் ‘இது எனக்கானது இல்லை’ என்று தாண்டிப் போய்விடுகிறது. டெர்மினல் நிரலை க்னோம் என்ற திரைச்சூழலோடு இணைக்கும் பகுதி அப்படிப்பட்டது. தொகுப்பு மேலாளரோடு பேசும் பகுதியும் அப்படிப்பட்டது. கோப்பு கண்ணெதிரே இருக்க, அது இல்லை என்று பிழைச்செய்தி வருவது இதனால்தான்.

பைத்தான்3 என்ற பெயரின் இணைப்பைப் பழையபடி 3.10-க்குத் திருப்பியதும் டெர்மினல் திறந்தது. 3.11 அந்தக் கணினியிலேயே தன் முழுப்பெயரோடு இருக்கிறது. முழுப்பெயரில் கூப்பிடுகிறவருக்கு அது வரும், இயங்குதளத்துக்கு அதனுடைய 3.10 வரும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. பைத்தானை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்கிறவர்களுக்காகவே ‘மேக் ஆல்ட்இன்ஸ்டால்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது 3.11 என்ற முழுப்பெயரை மட்டும் வைக்கும், பைத்தான்3 என்ற பொதுப்பெயரைத் தொடாது. ‘மேக் இன்ஸ்டால்’ என்று மட்டும் சொல்லித்தரும் வழிகாட்டிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மூன்று எழுத்துகளைச் சேர்த்து எழுதியிருந்தால் எத்தனை பேரின் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்!

சென்ட்ஓஎஸ் 7-இல் வேலை செய்தவர்களுக்கு இதே கதை வேறு வடிவில் நினைவிருக்கும். அதன் தொகுப்பு மேலாளரான யம் பைத்தான் 2.7-இல் எழுதப்பட்டது. பைத்தான் என்ற பெயரை 3-க்குத் திருப்பினால் யம் அந்த நொடியே நின்றுவிடும். யம் நின்றால் புதிதாக எதையும் நிறுவ முடியாது, சரிசெய்யத் தேவையான தொகுப்பைக்கூட. ரெட்ஹாட் இதற்கு எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. 2019-இல் வந்த ரெட்ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல், இயங்குதளத்துக்கென ஒரு பைத்தான் 3.6-ஐ யாரும் வழக்கமாகப் பார்க்காத ஒரு கோப்புறையில் ‘பிளாட்ஃபார்ம்-பைத்தான்’ என்ற தனிப்பெயரில் வைத்தார்கள். வெறும் பைத்தான் என்ற கட்டளையையே இயல்பாக வைக்கவில்லை. உனக்கு எது வேண்டுமோ அதை நீயே நிறுவிக்கொள், எங்களுடையதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற தெளிவான பிரிவினை.

டெபியன் 2023-இல் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. பெப் 668 என்ற முன்மொழிவின்படி, இயங்குதளப் பைத்தானின் கோப்புறையில் ஒரு சிறு அடையாளக் கோப்பை வைத்தார்கள். பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் அந்தக் கோப்பைப் பார்த்தால், ‘இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்று சொல்லி, தொகுப்பை நிறுவ மறுத்துவிடும். டெபியன் 12-க்கும் உபுண்டு 23.04-க்கும் மாறியவர்கள் பலருக்கு இது எரிச்சலூட்டியது. இத்தனை ஆண்டுகள் ஓடிய கட்டளை ஏன் இப்போது ஓடவில்லை என்று கேட்டார்கள். அந்தப் பிழைச்செய்தியைப் பொறுமையாக முழுவதும் படித்தால், தனிச் சூழலை எப்படி உருவாக்குவது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தடையை மீறுவதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், ‘பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்ற பெயரில். என்ன நடக்கக்கூடும் என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் கட்டளைத் தெரிவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதை அப்படியே வெட்டி ஒட்டுகிறவர்களை நிறுத்தி, ஒரு நிமிடம் பேச வேண்டும் போலிருக்கிறது.

சரி, ஒரே பதிப்போடு ஏன் இருக்க முடியவில்லை? தமிழில் உரைநிரல் எழுதுகிற என்னைப் போன்றவர்களுக்கு இதன் விடை கையருகே இருக்கிறது. பைத்தான் 2-இல் சாதாரணச் சரம் (எழுத்துத் தொடர்) என்பது பைட்டுகளின் வரிசை. ‘தமிழ்’ என்ற சொல்லை அதற்குக் கொடுத்து நீளம் கேட்டால் 15 என்று சொல்லும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஆக 15. முதல் நான்கை வெட்டிக் கொடு என்றால் ‘த’வையும் ‘ம’வின் மூன்றில் ஒரு பங்கையும் கொடுக்கும். திரையில் ஒரு கேள்விக்குறிப் பெட்டி வரும். யுனிகோட் சரத்தையும் பைட் சரத்தையும் ஒன்றாகச் சேர்த்தால், பைத்தான் 2 பைட்டுகளை ஆங்கில எழுத்துகளுக்கான பழைய குறியாக்கமான ஆஸ்கி என்று எண்ணிக்கொண்டு படிக்க முயலும். ஆஸ்கி 127-உடன் முடிந்துவிடுகிறது. தமிழ் எழுத்தின் முதல் பைட்டே 224. நிரல் அங்கேயே விழும். ஆங்கிலத் தரவை மட்டும் வைத்துச் சோதித்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது. நம் தரவு உள்ளே போன நாளில்தான் வெடிக்கும்.

2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 இதைத் தீர்த்தது. சரம் என்றால் யுனிகோட், பைட் என்றால் பைட், இரண்டையும் தானாகக் கலக்காது. ‘தமிழ்’ என்பதன் நீளம் 5 ஆனது. (நம் கணக்கில் மூன்று எழுத்து. அதற்கு ஓப்பன்-தமிழ் போன்ற நிரலகம் தேவை.) இந்த ஒரு மாற்றத்துக்காகவே பைத்தான் 3-ஐ நான் இரு கை நீட்டி வரவேற்றேன். ஆனால் பழைய நிரல்கள் அதில் ஓடவில்லை. முதலில் 2.7-க்கான ஆதரவை 2015-இல் முடிப்பதாக இருந்தது. பிறகு 2020 வரை நீட்டினார்கள். கடைசி வெளியீடான 2.7.18 வந்தது 2020 ஏப்ரலில். பதினோரு ஆண்டுக்கும் மேலாக இரண்டு பைத்தான்களும் ஒரே கணினியில் குடியிருந்தே ஆக வேண்டியிருந்தது.

அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனமில்லை. டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று பழைய குறியாக்கங்களில் தட்டச்சு செய்த கட்டுரைகளும் மலர்களும் இன்னும் வட்டுகளில் கிடக்கின்றன. அவற்றை யுனிகோடுக்கு மாற்ற எழுதிய பழைய நிரல்களில் சில பைத்தான் 2-இல் இருக்கின்றன. அவற்றின் மாற்றுப் பட்டியல்களில் பல விதிவிலக்குகள் கைப்பட எழுதிச் சேர்க்கப்பட்டவை. 3-க்கு மாற்றி எழுதலாம், எழுத வேண்டும். ஆனால் மாற்றி எழுதியது சரியா என்று சோதிக்கப் பழையது ஓட வேண்டும். இரண்டின் வெளியீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் நான் எந்த மாற்றத்தையும் நம்புவதில்லை.

3-க்குள்ளேயும் பதிப்புக்குப் பதிப்பு மாற்றம் உண்டு. 2018-இல் வந்த 3.7-இல் ‘அசிங்க்’ என்பது மொழியின் சொந்தச் சொல்லானது. பின்னணி வேலைகளை ஓட்டும் செலரி நிரலகத்துக்குள் அதே பெயரில் ஒரு கோப்பு இருந்ததால், அப்போதைய செலரி 3.7-இல் தொடரியல் பிழையோடு நின்றது. 3.12-இல், தொகுப்புகளை உருவாக்கி நிறுவ உதவிய ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ நீக்கப்பட்டது. அதை நம்பியிருந்த பழைய நிறுவல் கோப்புகள் பல நின்றன. 3.9 முதல் ஆண்டுக்கு ஒரு பதிப்பு அக்டோபரில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. ஆகவே எந்த நேரத்திலும் ஐந்து பதிப்புகள் உயிரோடு இருக்கும்.

இத்தனையையும் சண்டையில்லாமல் வைத்திருக்க நான் நீண்ட காலமாகப் பயன்படுத்துவது பைஎன்வ். ரூபி மொழிக்காக சாம் ஸ்டீபன்சன் 2011-இல் உருவாக்கிய ஆர்பிஎன்வ் என்ற கருவியிலிருந்து கிளைத்தது அது. அதன் வேலைமுறையை ஒருமுறை புரிந்துகொண்டால், இந்த வகைக் கருவிகள் பலவற்றின் அடிப்படை விளங்கிவிடும்.

நீங்கள் டெர்மினலில் ஒரு கட்டளையைத் தட்டினால், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் ‘பாத்’ என்ற பட்டியலில் உள்ள கோப்புறைகளை வரிசையாகப் பார்க்கும். முதலில் எங்கே அந்தப் பெயர் கிடைக்கிறதோ அதையே ஓட்டும். பைஎன்வ் தன் கோப்புறையை அந்தப் பட்டியலின் தொடக்கத்தில் வைத்துக்கொள்கிறது. அதற்குள் பைத்தான், பிப் என்ற பெயர்களில் ஷிம் எனப்படும் குட்டி நிரல்கள் இருக்கின்றன. அவை உண்மையான பைத்தான் இல்லை. அலுவலக வாசலில் அமர்ந்து, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டு அறைக்கு அனுப்புகிறவரைப் போல, எந்தப் பதிப்பு வேண்டும் என்று கண்டுபிடித்து அங்கே அனுப்புவது மட்டுமே அவற்றின் வேலை. எப்படிக் கண்டுபிடிக்கின்றன? முதலில் சூழல் மாறி ஒன்றைப் பார்க்கும். அது இல்லையென்றால், நீங்கள் நிற்கும் கோப்புறையில் பதிப்புக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். அங்கும் இல்லையென்றால் ஒவ்வொரு படியாக மேல் கோப்புறைகளுக்கு ஏறிப் பார்க்கும். எங்கும் இல்லாவிட்டால் பொதுவாகக் குறித்துவைத்த பதிப்பு, அதுவும் இல்லாவிட்டால் இயங்குதளத்தின் பைத்தான்.

அந்தப் பதிப்புக் கோப்பில் இருப்பது ஒரே வரி. 3.11.9 என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். நிரலோடு சேர்த்து அதையும், நிரலின் மாற்றங்களைச் சேமித்துப் பகிரும் கிட்டில் ஏற்றிவிட்டால், அடுத்த ஊரில் அதை இறக்குகிறவருக்கும் இந்தத் திட்டம் எந்தப் பைத்தானில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். பதிப்பு என்பது கணினியின் குணமன்று, திட்டத்தின் குணம். இந்த ஒரு வரிக் கோப்பு அதைச் செயலில் காட்டுகிறது என்பதால்தான் பைஎன்வ் மீது எனக்கு இவ்வளவு பிடிப்பு.

அதில் பொறுமையைச் சோதிக்கும் பகுதி நிறுவல். லினக்ஸில் பைஎன்வ் மூலநிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல், இசட்லிப், ரீட்லைன், எஸ்க்யூலைட், லிப்எஃப்எஃப்ஐ ஆகிய நிரலகங்களின் ‘டெவ்’ தொகுப்புகள் (கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) முன்கூட்டியே இருக்க வேண்டும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எஸ்க்யூலைட்டோ எல்இசட்எம்ஏவோ இல்லாவிட்டாலும் கம்பைல் முடிந்துவிடும், நிறுவல் வெற்றி என்றும் வரும். இந்தப் பகுதி கம்பைல் ஆகவில்லை என்ற எச்சரிக்கை நடுவில் ஒரு வரியாக வந்து போகும். சில வாரம் கழித்து ஏதோ ஒரு நிரலகம் அந்தப் பகுதியைத் தேடும்போது, பைத்தானே பழுது என்று தோன்றும். நிறுவி முடித்த கையோடு எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட், எல்இசட்எம்ஏ மூன்றையும் இறக்குமதி செய்து பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. குறை தெரிந்தால், விடுபட்ட தொகுப்பை நிறுவிவிட்டு அதே பதிப்பை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

பதிப்பைப் பிரித்தால் மட்டும் போதாது, திட்டத்துக்குத் திட்டம் தொகுப்புகளையும் பிரிக்க வேண்டும். 2007-இல் இயன் பிக்கிங் உருவாக்கிய விர்ச்சுவல்என்வ் இதற்கு வழி காட்டியது. 2012-இல் 3.3-உடன் வென்வ் என்ற பெயரில் மொழிக்குள்ளேயே வந்துவிட்டது. வென்வ் முழுப் பைத்தானின் நகல் என்று பலர் நினைக்கிறார்கள். லினக்ஸில் அதற்குள் இருப்பது மூலப் பைத்தானுக்கு ஓர் இணைப்பும், தொகுப்புகளுக்கான ஒரு கோப்புறையும், மூலம் எங்கே இருக்கிறது என்று குறித்த ஒரு சிறு கோப்பும்தான்.

இது ஏன் முக்கியம் என்பது நண்பர் ஒருவரின் சர்வரை டெபியன் 11-இலிருந்து 12-க்கு உயர்த்தியபோது தெரிந்தது. அதில் ஜாங்கோ என்ற பைத்தான் நிரலகத்தால் ஆன ஓர் இணையதளம் ஓடிக்கொண்டிருந்தது. வென்வ் இயங்குதளப் பைத்தானைக் கொண்டு உருவாக்கப்பட்டது. உயர்த்தி முடிந்ததும் தளம் எழவில்லை, ஜாங்கோ என்ற தொகுப்பே இல்லை என்று பிழை. உள்ளே போய்ப் பார்த்தால் ஜாங்கோ இருக்கிறது, பைத்தான்3.9 என்ற கோப்புறைக்குள். ஆனால் இணைப்பு சுட்டிய இயங்குதளப் பைத்தான் இப்போது 3.11. அது பைத்தான்3.11 என்ற கோப்புறையைத் தேடுகிறது, அப்படி ஒன்று அங்கே இல்லை. நண்பர் எதையும் தவறாகச் செய்யவில்லை. டெபியனும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. தளத்தின் பைத்தானும் இயங்குதளத்தின் பைத்தானும் ஒன்றாக இருந்ததே காரணம். வென்வை அழித்துவிட்டு, தனியாக நிறுவிய பைத்தானில் புதிதாக உருவாக்கி, தேவைப் பட்டியலிலிருந்து தொகுப்புகளை நிறுவினோம். அடுத்த முறை டெபியனை உயர்த்தும்போது அந்தத் தளத்துக்குத் தெரியக்கூடத் தெரியாது. வென்வ் கோப்புறையை அப்படியே நகர்த்தவும் கூடாது. உள்ளிருக்கும் நிரல்களின் முதல் வரியில் முழு முகவரி எழுதப்பட்டிருக்கும். அழித்து மறுபடி உருவாக்குவதே முறை.

இடையில் ஒரு சிறு எச்சரிக்கை. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற தானியங்கிச் சோதனைச் சேவைகளின் யாமெல் அமைப்புக் கோப்பில் பதிப்பை 3.10 என்று எழுதினால் அது தசம எண்ணாகி 3.1 என்று ஆகிவிடும். மேற்கோள் குறிகளுக்குள் எழுதுங்கள்.

இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் பைஎன்வைவிட யூவியைத்தான் பரிந்துரைக்கிறேன். ஆஸ்ட்ரல் நிறுவனம் ரஸ்ட் மொழியில் எழுதி 2024-இல் வெளியிட்டது. பைத்தானை நிறுவுவது, வென்வ் உருவாக்குவது, தொகுப்புகளைப் பூட்டிவைப்பது எல்லாம் ஒரே கருவியில் முடிகின்றன. முக்கியமாக, கம்பைல் செய்ய வேண்டியதில்லை. கிரிகரி சோர்க் தொடங்கிய தனித்தியங்கும் பைத்தான் கட்டமைப்புகளை அது அப்படியே இறக்கிக்கொள்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் உட்பட வேண்டியவை அதற்குள்ளேயே இருக்கின்றன. ‘டெவ்’ தொகுப்புகளைத் தேடி அலைந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. பைஎன்வின் அதே ஒருவரிப் பதிப்புக் கோப்பை யூவியும் படிக்கிறது என்பதால் மாறுவதும் எளிது. ஆனால் 2.7 அதில் கிடைக்காது. பழைய குறியாக்க நிரல்களுக்காக நான் பைஎன்வையும் வைத்திருக்கிறேன்.

இந்தக் கருவிகள் எட்டாத ஓர் எல்லையும் உண்டு. பைஎன்வ் பைத்தானைப் பிரித்து வைக்கும், அதற்குக் கீழே இருக்கும் நிரலகங்களைப் பிரிக்காது. 3.10 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-ஆவது வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்தது 1.0.2. அதில் 3.10-ஐக் கம்பைல் செய்தவர்களுக்குப் பைத்தான் கிடைத்தது, பாதுகாப்பான இணைய இணைப்புக்கான எஸ்எஸ்எல் கிடைக்கவில்லை. எஸ்எஸ்எல் இல்லாத பைத்தானில் பிப் எதையும் இறக்காது. அப்படிப்பட்ட இடங்களில், நிரலகங்களோடு சேர்த்துத் தனியாகப் பிரித்து ஓட்டும் கண்டெய்னருக்குப் போவதே நல்லது.

3.9-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. 3.10-க்கு 2026 அக்டோபர். 3.10-ஐ நம்பி ஏதாவது ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், 3.13-ஐப் பக்கத்தில் நிறுவி, இரண்டிலும் தனித்தனி வென்வ் உருவாக்கி, சோதனைகளை இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். விழுகிறவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்யும்வரை 3.10 தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாம் தேறியதும் பதிப்புக் கோப்பில் அந்த ஒரு வரியை மாற்றுங்கள்.